பலகையைப் படிக்கிறவர் எங்கே நிற்கிறார்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகாசியில் அச்சுத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் இருந்தவன் நான். ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கிய காலத்தில் அச்சுக்கோப்பவனாகச் சேர்ந்து, ஆஃப்செட்டும் கணினியும் வந்தபின் பக்க வடிவமைப்புக்கு மாறி, இப்போது ஓய்வில் இருக்கிறேன். பொது இடங்களில் வைக்கப்படும் அறிவிப்புகள் வடிவமைக்கப்படும் விதத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சென்ற மாதம் நேர்ந்த ஒரு சங்கடம் அதை எழுதவைத்துவிட்டது.

கண் பரிசோதனைக்காக என் மதினியை ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். ஆனாலும் நாள்தோறும் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் மடித்து வைப்பார். கண் பிரிவின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளக்ஸ் பலகை நின்றது. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, சுற்றிலும் பூவேலை, மேலே மருத்துவமனையின் முத்திரை, நடுவில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் படம், அதற்குக் கீழே நான்கு வரி வாழ்த்து வாசகம். புதிதாக வருகிறவர்கள் முதலில் வேறொரு சாளரத்தில் பதிவுச் சீட்டு பெற வேண்டும் என்ற, அந்தப் பலகையின் ஒரே பயனுள்ள செய்தி, முழங்கால் உயரத்தில், எல்லாவற்றிலும் சிறிய எழுத்தில் இருந்தது. முக்கால் மணி நேரம் தவறான வரிசையில் நின்ற பிறகுதான் அது எங்களுக்குத் தெரியவந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற நான்கைந்து பேரும் அதே சீட்டு இல்லாமல்தான் நின்றிருந்தார்கள். பார்வை மங்கியவர்களுக்கென்றே வைக்கப்பட்ட பலகை அது.

பலகையை வடிவமைத்தவரைத் திறமையில்லாதவர் என்று சொல்லமாட்டேன். அவர் கணினித் திரைக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்து, வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொண்டு அதைப் பார்த்திருப்பார். படிக்க வேண்டியவரோ பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, கையில் பையும் மனத்தில் கவலையுமாக, முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார். எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது எதன் அருகில் இருக்க வேண்டும், எவ்வளவு இடத்தை வெறுமையாக விட வேண்டும், எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் நிற்கும் என்று காட்சி வடிவமைப்பில் பாடமாகச் சொல்லப்படுபவை அனைத்தும் இந்த இரண்டாவது மனிதர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் பொருள்படும்.

இதை விளங்கிக்கொள்ளக் கல்லூரிக்குப் போக வேண்டாம். எங்கள் ஊரில் அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளில் தொங்கும் தினசரி நாள்காட்டியின் ஒரு தாளைக் கிழித்து மேசைமேல் வைத்துப் பார்த்தால் போதும். அந்தச் சிறு தாளில் ஆங்கிலத் தேதி, கிழமை, தமிழ் ஆண்டு, மாதம், தேதி, இஸ்லாமிய மாதத்தின் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், அன்றைய விசேஷம் என்று பதினைந்துக்கும் மேற்பட்ட செய்திகள் இருக்கும். ஆயினும் அதைப் பார்த்து யாரும் திகைத்து நின்றதில்லை. தேதி எண் மட்டும் நடுவில் பருத்து நிற்கிறது. கூடத்தின் மறுகோடியில் இருப்பவருக்கு அது ஒன்று தெரிந்தால் போதும் என்பதால் அதைச் சுற்றி எதுவும் நெருங்காமல் வெள்ளையாக விட்டிருப்பார்கள். கிழமை அதற்கு அடுத்த அளவில் இருக்கிறது. இராகு காலம் பார்ப்பவர் எப்படியும் எழுந்து அருகே வருவார். அவருக்குச் சிறிய எழுத்தே போதும், ஆனால் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் அது இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் சிவப்பில் வரும். தேதி எண்ணில் சிவப்பு வேறு எதற்காகவும் வராது என்பதால்தான், பள்ளிப் பிள்ளைகள் கட்டைப் புரட்டி அடுத்த விடுமுறையை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மருத்துவமனைப் பலகையில் இருந்த செய்திகள் இதில் பாதிகூட இல்லை.

நான் மட்டும் இதையெல்லாம் தெரிந்துகொண்டு பிறந்தவன் அல்லேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் பங்குனிப் பொங்கல் நோட்டீஸ் ஒன்றை முதன்முறையாகத் தனியே அடுக்க விட்டார்கள். அச்சகத்தில் ஆறு வகை எழுத்து இருந்தது, ஆறையும் பயன்படுத்தினேன். பூ பார்டர், நட்சத்திரம், கை சுட்டும் படம் எதையும் விட்டுவைக்கவில்லை. அச்சான தாளை வாங்க வந்த பெரியவர் அதைக் கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. பொங்கல் என்னைக்குன்னு போட்டிருக்கியா?" என்று கேட்டார். போட்டிருந்தேன். அதைக் காட்ட எனக்கே சற்று நேரம் பிடித்தது. அதன்பின் எங்கள் மூத்த அச்சுக்கோப்பாளர் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். வாடிக்கையாளர் எழுதிக் கொண்டுவரும் தாளை வாங்கியவுடன், இதில் ஒரே ஒரு வரியைத்தான் அச்சிட முடியும் என்றால் எந்த வரியை அச்சிடுவது என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும். பதில் சொல்லத் தடுமாறினால் அவருக்கே நோட்டீஸ் எதற்கு என்று தெளிவாகவில்லை என்று பொருள். சொல்லிவிட்டால் அந்த வரிதான் தாளின் பெரிய எழுத்து. அடுத்து எந்த வரி என்று கேட்டால் இரண்டாம் அளவும் தீர்மானமாகிவிடும். அந்த மருத்துவமனையில் இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

தமிழில் அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு இதற்கும் மேலே சில கவனங்கள் தேவைப்படுகின்றன. அவை ஆங்கிலப் பாடங்களில் இராது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட முழுவதும் பெரிய எழுத்தில் போட்டுவிடலாம், அல்லது சாய்த்துப் போடலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. சாய்வெழுத்தும் நம் அச்சு மரபில் வேரூன்றியது அன்று. கணினி பலவந்தமாகச் சாய்க்கும்போது எழுத்துகள் காற்றில் சரிந்த வேலிபோல் நிற்கின்றன. ஆகவே நமக்கு மிஞ்சுவது அளவு, தடிமன், இடைவெளி ஆகிய மூன்றே. இந்த மூன்றையும் எல்லா வரிக்கும் ஒருசேர வாரி வழங்கிவிட்டால், அழுத்தம் என்பதே இல்லாமல் போய்விடும்.

அடுத்தது வரி இடைவெளி. தமிழ் எழுத்து மேலும் வளரும், கீழும் இறங்கும். கி, கீ ஆகியவற்றின் மேல்வளைவும் மெய்யெழுத்தின் புள்ளியும் தலைக்கு மேல் நிற்க, கு, ழு, மூ போன்றவை அடியில் வளைந்து தொங்குகின்றன. பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து, எழுத்தளவுக்கு 120 விழுக்காடு என்று வரி இடைவெளியைத் தாமாகவே வைத்துவிடுகின்றன. அதை அப்படியே விட்டால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். ஈய எழுத்துக் காலத்தில் வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயத்தகடு செருகுவோம். கணினிக்கு வந்தபிறகும் 12 பாயிண்ட் எழுத்துக்கு 16 அல்லது 17 பாயிண்ட் வரியிடம் விடாமல் நான் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. தாள் வீணாகிறது என்று முதலாளிகள் முணுமுணுத்ததுண்டு.

இடைவெளியைவிடக் கொடிய வழக்கம் ஒன்று உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'மாற்றுத்திறனாளிகளுக்கான' என்ற ஒரு சொல்லே ஒரு பலகையின் அகலத்தை எடுத்துக்கொண்டுவிடும். இடம் போதாதபோது வாசகத்தைச் சுருக்கி எழுத வேண்டியவர்கள், எழுத்தின் இரு பக்கத்தையும் பிடித்து அமுக்கிவிடுகிறார்கள். சுட்டியை ஒரு விரலளவு இழுத்தால் போதும், எழுத்து ஒடுங்கிவிடுகிறது. ஆனால் தமிழ் எழுத்தின் அடையாளம் அதன் சுழியில்தான் இருக்கிறது. இரண்டு சுழி ன-வும் மூன்று சுழி ண-வும் ஒடுங்கிய நிலையில் ஒன்றுபோல் ஆகி, மனமும் மணமும் வேறுபாடின்றிப் போகின்றன. ர-வுக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு அடியில் ஒரு சிறு கோடுதான். எ-வுக்கும் ஏ-வுக்கும் அவ்வளவே. தடித்த எழுத்தாக இருந்தால் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். சிறிய எழுத்தாக இருந்தால் புள்ளி பறந்துவிடும். 'கல்வி' என்ற சொல்லில் புள்ளி பறந்தால் என்ன ஆகும் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அச்சகத்தில் ஒரு பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழை இதே காரணத்துக்காக முழுவதும் மறுபடி அச்சிட்டிருக்கிறோம்.

எல்லா வரியையும் நடுவில் நிறுத்தும் பழக்கமும் திருமண அழைப்பிதழிலிருந்து அலுவலகப் பலகைக்குத் தொற்றியது. அழைப்பிதழில் வரிகள் குறைவு; மணமக்கள் பெயரும் முகூர்த்த நேரமும் தனித்தனியே நிற்பவை; அங்கே அது அழகு. பத்து வரி நிபந்தனைகளை நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கும். கண் வரிதோறும் தொடக்கத்தைத் தேடி அலையும். இடது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

நிறத்துக்கு வருகிறேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு வேண்டும்; நிற வேறுபாடு மட்டும் போதாது. பச்சைமேல் சிவப்பு கண்ணைப் பறிப்பதுபோல் தோன்றினாலும் இரண்டின் வெளிச்சமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு அந்தப் பலகையில் எழுத்தே இல்லாமற்போகலாம். இணையப் பக்கங்களுக்கு உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வகுத்துள்ள அணுகல் நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கு இந்த வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கணக்குப் போடத் தெரியாதவர்கள், வடிவமைத்ததை ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்துப் பார்க்கலாம். அதில் மங்குகிற எழுத்து வெயிலிலும் மங்கும், கண்புரை உள்ளவருக்கும் மங்கும். மாத்திரை அட்டையின் வெள்ளித் தகட்டில் மையே இல்லாமல் அழுத்தி மட்டும் பதிக்கப்படும் காலாவதித் தேதியை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். உயிரோடு தொடர்புடைய எண்ணை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் இருந்தன. நிறம் பிரித்தறிய இயலாதவருக்கு இரண்டும் ஒரே வட்டம்தான். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ஆம் ஆண்டின் விதிமுறைகளில் அசைவக் குறியைப் பழுப்பு முக்கோணமாக மாற்றியது. இப்போது நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும். போக்குவரத்து விளக்கில் சிவப்பு எப்போதும் மேலே இருப்பதும் இதே காரணத்துக்குத்தான் உதவுகிறது. நிறம் மறந்தாலும் இடம் சொல்லும்.

நிறத்தைச் சரியான வேலைக்குப் பயன்படுத்திய செயலையும் சொல்ல வேண்டும். 2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, வருகிற பேருந்து சாதாரணமா, டீலக்ஸா என்று தூரத்திலிருந்து தெரியாமல் பெண்கள் தவித்தார்கள். மறு ஆண்டு சென்னையில் அந்தப் பேருந்துகளின் முன்புறத்திலும் பின்புறத்திலும் இளஞ்சிவப்பு பூசியபோது பலர் அதைக் கேலி செய்தார்கள். பூச்சு அழகாக இருந்ததா என்பது வேறு கேள்வி. நிறுத்தத்தில் காத்திருக்கும் பெண்ணுக்குப் பேருந்தின் முகம்தான் முதலில் தெரியும். கைகாட்டுவதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்க வேண்டியதும் அந்த நேரத்தில்தான். படிக்கவே தேவையில்லாத அறிவிப்பு அது. அதே பேருந்தின் நெற்றியில் ஓடுகிற மின்னெழுத்துப் பலகையைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. ஊர்ப்பெயர் வலமிருந்து இடமாக நகர்கிறது. நாம் பார்க்கிற நேரத்தில் பெயரின் வால் மட்டும் தெரிகிறது. தலை வருவதற்குள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. அதற்குள் பேருந்தே போய்விடுகிறது. தகரத்தில் மஞ்சளும் கறுப்புமாக எழுதிச் செருகிய பழைய பலகையில் ஊர்ப்பெயர் அசையாமல் நின்றது.

பிரிட்டனில் 1958-இல் திறக்கப்பட்ட பிரஸ்டன் புறவழிச்சாலைக்கு ஜாக் கின்னெயரும் மார்கரெட் கால்வெர்ட்டும் வழிகாட்டிப் பலகைகளை வடிவமைத்தபோது, வேகமாக வரும் ஓட்டுநருக்கு எந்தத் தூரத்தில் எந்தச் செய்தி தேவை என்பதிலிருந்தே தொடங்கினார்கள். எழுத்தின் அளவு அதற்குப் பிறகே வந்தது. 1965 முதல் அந்நாட்டின் பிற சாலைகளுக்கும் அவர்களுடைய முறையே பரவி, இன்றுவரை அடிப்படையில் மாறாமல் இருக்கிறது.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு வாக்குச்சீட்டை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில், முதியவர்கள் எளிதாகப் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினார்கள். இடம் போதவில்லை. ஆகவே வேட்பாளர் பெயர்களை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரித்துவிட்டு, துளையிட வேண்டிய இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கத்தில் அல் கோரின் பெயர் இரண்டாவதாக இருந்தது. அவருக்குரிய துளையோ மூன்றாவது. இரண்டாவது துளை, வலப்பக்கத்தில் முதலாவதாக இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,400-க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன; அவற்றில் பெரும்பகுதி கோருக்கு என்று நினைத்து இடப்பட்டவை என்பதே பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. மாநிலம் முழுவதிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வேறுபாடு 537 வாக்குகள். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது; பெயரும் அதற்குரிய துளையும் ஒன்றை ஒன்று சேரவில்லை.

நம் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வரிசை எண், பெயர், படம், சின்னம், பொத்தான் எல்லாம் ஒரே கிடைவரியில் இருக்கின்றன. கண் அடுத்த வரிக்குத் தாவ வேண்டிய தேவையே இல்லை. 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே, எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் வாக்களிக்க வேண்டும் என்பதற்காகச் சின்னங்களைக் கொண்டுவந்தவர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்பதை முதலில் நினைத்தார்கள். அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது. 2025-இல் பிகார் தேர்தலிலிருந்து வேட்பாளரின் படத்தை வண்ணத்தில், முகம் பெரிதாகத் தெரியும்படி அச்சிடவும், வரிசை எண்ணை 30 பாயிண்ட் தடித்த எழுத்தில் போடவும், எல்லாருடைய பெயரையும் ஒரே எழுத்து வகையில் ஒரே அளவில் வைக்கவும் தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுத்தது. எழுத்தின் பாயிண்ட் அளவு ஓர் அரசு ஆணையில் இடம்பெறுவதைப் படித்தபோது, தொழில்காரன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அரசுக்கு இதில் தலையிட உரிமை இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதத்தில் இடம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழுக்கு எவ்வளவு இடம் என்று அந்த விகிதம் வரையறுக்கிறது. அந்தத் தமிழைத் தெருவிலிருந்து படிக்க முடிய வேண்டும் என்பதை அது உறுதிசெய்யவில்லை. மஞ்சளின்மேல் வெள்ளையில், அமுக்கிய எழுத்தில் எழுதினாலும் விகிதம் நிறைவேறிவிடும். பொதுமக்கள் வந்துபோகும் மருத்துவமனை, வட்டாட்சியர் அலுவலகம், பேருந்து நிலையம் ஆகியவற்றின் பலகைகளுக்காவது எழுத்தின் குறைந்தபட்ச உயரம், வரி இடைவெளி, அனுமதிக்கத்தக்க நிறச்சேர்க்கை, பலகையைப் பொருத்த வேண்டிய உயரம் ஆகியவற்றை ஒரு பக்க அளவில் வகுத்து, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தோடு இணைத்துவிடலாம். ஃபிளக்ஸ் அச்சிடுபவர்கள் கேட்டதைச் செய்து தருபவர்கள். அவர்களிடம் அகலமும் நீளமும் மட்டுமே கேட்கப்படுகின்றன. ஒரு நெறி இருந்தால் அதையும் செய்வார்கள். பலகையைப் பொருத்துவதற்கு முன், அந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவரை வாசலில் நிறுத்தி, இதைப் பார்த்து நீங்கள் எங்கே போக வேண்டும் என்று கேட்டுப் பார்க்கச் செலவு ஏதும் இல்லை. அந்த மருத்துவமனையில் என் மதினியைக் கேட்டிருந்தாலே போதும்.

இறுதியாக உங்கள் நாளிதழைப் பற்றியும் ஒரு விண்ணப்பம். உள்ளூர்ப் பக்கத்தில் நீங்கள் வெளியிடும் இரயில் நேர அட்டவணை எங்கள் வீட்டில் கத்தரித்து வைக்கப்படும் பகுதி. சில மாதங்களாக அது சாம்பல் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வருகிறது. இரயிலின் பெயர் பெரிதாகவும் புறப்படும் நேரம் சிறிதாகவும் இருக்கின்றன. செய்தித்தாளில் வெள்ளை எழுத்தின் மெல்லிய கோடுகளைச் சுற்றியுள்ள மை கசிந்து தின்றுவிடும் என்பது உங்கள் அச்சுக்கூடத்தாருக்குத் தெரியாததன்று. முன்புபோல வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக, நேரத்தை இடது ஓரத்தில் முதலில் வைத்து அச்சிட்டால், மதினி என்னைக் கூப்பிடாமல் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
சிவகாசி.